மலை ஏறும் பருவம்

குடாநாட்டின் சமதரையிலே பிறந்து, பனையின் வட்டினும் கோயிற் கோபுரத்தினும் உயர்ந்ததொன்றை நாளாந்தம் காணாது வளரும் நமக்கு, மலை என்பது என்றும் ஒரு வியப்பாகும். ஆகவேதான் விடுமுறை வந்ததும் மாணவரும், தொழிலில் ஓய்வு கிடைத்ததும் பழைய மாணவரும் மலைநாட்டை நாடுகின்றனர். அவ்வாறு புறப்பட எண்ணுவோர் முதலிற் கேட்கும் வினா, "எந்த மாதத்திற் போவது நல்லது?" என்பதே. பனி மூடும் தேசங்களில் இதற்கு விடை கூறல் எளிது. பனி உருகியபின் ஏறுக, மீண்டும் விழுமுன் இறங்குக என்று கூறிவிடலாம். இலங்கையின் மலைகளுக்கு அத்தகைய ஒரே விடை இல்லை. இங்கு ஒரே நாளில் மலைநாட்டின் மேற்குச் சரிவில் அடைமழை பொழிய, கிழக்குச் சரிவிற் புழுதி பறத்தல் கூடும். ஆதலால், "எந்த மாதம்?" என்று கேட்பதிலும், "இந்த மாதத்துக்கு எந்த மலை?" என்று கேட்பதே பொருத்தமாகும். இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவதும் அதுவே.

இதிலே நம்மவர்க்கென்று தனியான ஓர் இடர்ப்பாடும் உண்டு. குடாநாட்டில் மாரி என்றால் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையுள்ள காலம். வைகாசியிலிருந்து ஆவணி வரை சோளகம் வீசும், நிலம் காயும், கிணறு வற்றும். இந்தக் கணக்கு சிறுபிராயத்திலிருந்தே நமது உள்ளத்தில் ஊறிப்போனது. அதனைச் சுமந்துகொண்டு ஆனி மாதத்திற் சிவனொளிபாதம் ஏறப் புறப்படுவோர், நல்லதண்ணியை அடையுமுன்னரே நனைந்துவிடுவர். நமக்கு வறட்சியைத் தரும் அதே சோளகந்தான் மேற்கு மலைகளுக்குப் பெருமழையைத் தருகின்றது. குடாநாட்டில் அதனை மேலெழுப்ப ஒரு குன்றுதானும் இல்லை. ஆகவே அது தான் சுமந்துவந்த நீரைச் சுமந்தபடியே நம்மைக் கடந்து போய்விடுகின்றது.

காற்று மலையில் மோதும்போது நிகழ்வதைச் சிறிது விளங்கிக்கொள்வோமாயின், மாதங்களை மனனஞ் செய்ய வேண்டிய தேவையே இராது. கடல் கடந்து வரும் ஈரக்காற்று, மலைச்சரிவை அடைந்ததும் மேலெழுகின்றது, எழுந்தால் விரிகின்றது, விரிந்தாற் குளிர்கின்றது. குளிர்ந்த காற்றினால் முன்னிருந்த அளவு நீராவியைத் தாங்க இயலாது. நீராவி ஒடுங்கி முகிலாகி மழையாகப் பொழிகின்றது. அவ்வாறு ஒடுங்கும்போது வெளிப்படும் மறைவெப்பம் காற்றின் குளிர்ச்சியைச் சற்றே தணிக்கும். ஆதலால் முகில் சூழ்ந்த காற்று 1000 மீற்றர் ஏறுவதற்கு ஏறத்தாழ 5 அல்லது 6 பாகை செல்சியஸ் அளவே குளிர்கின்றது. முகட்டைக் கடந்து மறுபுறம் இறங்கும்போதோ அதனிடம் நீரில்லை. ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் ஏறத்தாழ 10 பாகை வீதம் அது சூடேறுகின்றது. எனவே ஏறிய காற்று இறங்கும்போது முன்னையிலும் வெப்பமாகவும் வறட்சியாகவும் இருக்கின்றது. மட்டக்களப்பார் கச்சான் என்று கூறி அஞ்சும் வெங்காற்று இவ்வகையினதே. ஊவாவின் புற்சரிவுகளை ஆடி ஆவணியிற் காய்ந்து மஞ்சளாக்குவதும் இதுவே.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அப்பொழுது இரத்தினபுரி, கினிகத்தேனை, வட்டவளை, ஹற்றன், மஸ்கெலியா ஆகிய பகுதிகள் காற்றுக்கு முகங்கொடுக்கின்றன. டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. அப்பொழுது பதுளை, பசறை, நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் புறம் ஆகியவை நனைகின்றன. வட்டவளையில் ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. நேர்க்கோட்டில் அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பண்டாரவளை பெறுவதோ அதன் மூன்றிலொரு பங்களவே. இந்த வேற்றுமையைக் கண்ணாரக் காண விரும்புவோர் பதுளை புகையிரதத்திற் செல்லலாம். பட்டிப்பொலைக்கும் ஒகியவுக்கும் இடையிலே பாதை தன் உச்சியை அடையுமிடத்தில் ஒரு சுரங்கவழி உண்டு. அதன் ஒரு வாயிலில் மழையும் மறு வாயிலில் வெயிலும் இருப்பது பிரயாணிகள் பலர் கண்ட காட்சி.

பஞ்சாங்கத்தையும் வானிலை அட்டவணையையும் விட நம்பத்தக்க சான்று ஒன்று நம் அடுக்களையிலேயே உள்ளது. அது தேயிலை. டிம்புள்ளப் பகுதித் தேயிலை மிகச் சிறந்த சுவையும் மணமும் பெறுவது யனவரி தொடக்கம் மார்ச் வரையில். ஊவாத் தேயிலை அவ்வாறு சிறப்பது யூலை தொடக்கம் செப்டெம்பர் வரையில். வறண்ட காற்றில் கொழுந்து மெதுவாக வளர்வதால் அதன் சாரம் செறிகின்றது. அதாவது, எந்தச் சரிவில் எப்போது தேயிலை சிறக்கின்றதோ, அந்தச் சரிவில் அப்போது பாதை காய்ந்திருக்கின்றது. மலையேறுவோர்க்கு இதனிலும் எளிதான குறிப்பு வேறில்லை. தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் நம் மலையகச் சகோதரர், முகில் எந்த முகட்டிற் படிந்தால் எத்தனை நாழிகையில் மழை வரும் என்பதை அறிந்தவர்கள். பட்டணத்திலிருந்து செல்லும் நம்மவர் அவர்களிடம் வழி கேட்கின்றனரேயன்றி வானிலை கேட்பதில்லை என்பது எமக்கு விளங்காத புதுமை.

இனி மலைகளைத் தனித்தனியே நோக்குவோம். 2243 மீற்றர் உயரமான சிவனொளிபாதத்துக்குப் பருவத்தை நாம் தேட வேண்டியதில்லை. யாத்திரை மரபே அதனை வகுத்து வைத்திருக்கின்றது. டிசெம்பர் மாதப் பூரணையிலிருந்து வெசாக் பூரணை வரையே யாத்திரைக் காலம். அப்பொழுது நல்லதண்ணி வழியில் உள்ள ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளுக்கும் மின்விளக்கு உண்டு. தேநீர்க் கடைகளும் ஆறுவதற்கு மடங்களும் உண்டு. வெசாக்கின் பின் சமன் தெய்வத்தின் திருவுருவம் மலையினின்றும் இறக்கப்படுகின்றது, விளக்குகள் அணைகின்றன, கடைகள் மூடப்படுகின்றன. சில நாட்களில் தென்மேற்கு மழை தொடங்குகின்றது. பருவக்காற்று என்ற சொல்லை அறியாத காலத்தும் நம் முன்னோர் காற்றின் போக்கை எவ்வளவு நுணுக்கமாகக் கணித்திருந்தனர் என்பது இதனால் விளங்கும். எனினும் இவ்வாறு மாத காலத்துள்ளும் தரவேறுபாடு உண்டு. மார்கழியில் தூறலும் மூடுபனியும் எஞ்சி நிற்கும். சித்திரையிற் பின்னேரத்து இடிமழை குறுக்கிடும். தை நடுப்பகுதி தொடக்கம் பங்குனி வரையுள்ள காலமே உத்தமம். சூரியோதயத்தில் மலையின் நிழல் முக்கோண வடிவாக மேற்கே நீண்டு விழும் அற்புதக் காட்சி, வானம் தெளிந்த அக்காலை வேளைகளிலேதான் வாய்க்கும். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாக ஏறும் பாதை நீண்டது, ஈரச்சரிவின் அடியிலிருந்தே தொடங்குவது, அட்டைகள் மலிந்தது. மழை நின்று சில வாரங்கள் கழியும் வரை அதனை நாடாதிருப்பது நன்று.

அட்டையைக் குறிப்பிட்டதும் இபுனு பத்தூத்தாவின் நினைவு வருகின்றது. 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து கப்பலேறிய அந்த மொரோக்கோ யாத்திரிகர் புத்தளத்தில் வந்திறங்கி, அங்கிருந்த ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாதமலையைத் தரிசிப்பதொன்றே தமது விருப்பம் என்று அவர் கூற, நமது யாழ்ப்பாண அரசர் பல்லக்கும் வழித்துணைக்கு யோகிகளையும் பிராமணரையும் பிற ஆட்களையும் கொடுத்து அனுப்பினார். வழியில் மரங்களிலும் புற்களிலுமிருந்து மனிதர்மீது தாவும் அட்டைகளை அவர் கண்டு எழுதியிருக்கின்றார். அவ்விடத்தார் எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருந்து, அட்டை பற்றியதும் அதன்மீது பிழிவர் என்றும் குறித்துள்ளார். அவர் மாலைதீவை விட்டது ஓகஸ்ட் இறுதியில். ஆகவே அவர் மலையேறியது யாத்திரைக் காலத்துக்குப் புறம்பான ஈரப் பருவத்திலேயாம். அரசரின் துணை இருந்தது, ஆட்கள் இருந்தனர், அட்டையும் இருந்தது. பருவந் தப்பி ஏறுவோர்க்கு அரச உபசாரமும் முழுப் பாதுகாப்பாகாது போலும்!

ஹோட்டன் சமவெளியின் நிலைமை வேறு. கடல் மட்டத்துக்கு மேல் 2100 மீற்றருக்கும் 2300 மீற்றருக்கும் இடைப்பட்ட உயரத்தில் அது மலைநாட்டின் முகட்டிலேயே கிடக்கின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்து நீர் செல்வதை எண்ணினாலே அதன் இருப்பு விளங்கும். முகட்டில் இருப்பதால் இரண்டு பருவக்காற்றுகளும் அதனை நனைக்கின்றன. யனவரி தொடக்கம் மார்ச் வரையே அங்கு வானம் ஓரளவு உறுதியாகத் தெளிந்திருக்கும். ஆயினும் அத்தெளிவுக்கு ஒரு விலை உண்டு. முகிற் போர்வை இல்லாத இரவில் தரையின் வெப்பம் விண்ணிற் கலந்துவிடுவதால், யனவரி பெப்ரவரி மாதங்களில் விடியற்காலையிற் புற்றரையில் உறைபனி படிவதுண்டு. பெனியனும் சரமும் அணிந்து மார்கழிப் பனியைச் சமாளித்துவிடும் நம் இளைஞர், இந்தக் குளிர் வேறொரு சாதியைச் சேர்ந்தது என்பதை அறிந்து கம்பளி உடையுடன் செல்லுதல் வேண்டும்.

சமவெளியில் மாதத்தைப் போலவே மணியும் முக்கியமானது. ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக இறங்கும் உலக முடிவு என்னும் விளிம்பிலிருந்து தெற்கு நோக்கிப் பார்க்க வேண்டுமாயின், காலை ஒன்பது மணிக்கு முன் அங்கு நிற்றல் வேண்டும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழுந்து, விளிம்பை அடைந்ததும் முகிலாகித் திரையிட்டுவிடும். பத்து மணிக்கு வந்து வெண்புகையைப் பார்த்துத் திரும்புவோர் நல்ல மாதத்திலும் ஏராளம். முகில் திரண்டபின் விளிம்பு எது, வெளி எது என்று தெரியாது. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு இது காட்சியைப் பற்றிய கவலை மாத்திரமன்று. 2388 மீற்றர் உயரமான கிரிகல்பொத்தவும் 2357 மீற்றர் உயரமான தொட்டுப்பொலகந்தவும் இச்சமவெளியிலிருந்தே ஏறப்படுவன. இவற்றுக்கும் மேற்கூறிய கணக்கே பொருந்தும். நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலவிற் (2524 மீற்றர்) தொலைக்காட்சி ஒலிபரப்பு நிலையமும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் இருத்தலால், அதனை நாம் விரும்பியவாறு நடந்தேறும் மலைகளோடு சேர்த்துக் கொள்வதற்கில்லை.

கிழக்குச் சரிவுக்குச் செல்வோம். நமுனுகுல (2036 மீற்றர்), எல்லப் பாறை, அப்புத்தளைக்கு மேலுள்ள தம்பேதன்னைத் தோட்டச் சரிவுகள் ஆகியவை யூன் தொடக்கம் செப்டெம்பர் வரை நடப்பதற்கு உகந்தவை. மேற்கே மழையிற் சுருண்டு கிடக்கும் அதே வாரத்தில், இங்கு தொலைவிலுள்ள குன்றுகள் வரையும் தெளிவாகத் தெரியும். இப்பருவத்தின் குறைகள் இரண்டு: ஒன்று காற்று, அப்புத்தளைக் கணவாயில் ஓகஸ்ட் மாதக் காற்று சிறுவரை நிலைதளரச் செய்யவல்லது. மற்றையது நெருப்பு, காய்ந்த புற்றரையில் எறிந்த ஒரு தீக்குச்சி ஒரு சரிவையே கரியாக்கிவிடும். சமையலை அடிவாரத்திலேயே முடித்துக்கொண்டு கட்டுச்சோற்றுடன் ஏறுவதே முறை. புளிச்சாதத்துக்கு அடுப்பு வேண்டியதில்லை.

நக்கிள்ஸ் மலைத்தொடரைப் பற்றி நாம் சற்று அழுத்திக் கூற விரும்புகின்றோம். உயரத்தால் அது சிறியது. அதன் மிகவுயர்ந்த முடியாகிய கொம்பனியா 1906 மீற்றரே. அதனால் இலகுவானது என்று கருதுவோர் பலர். ஆயின் அது இரு பருவக்காற்றுகளையும் மறித்து நிற்கும் மதில் போன்றது. மேற்குப் புறத்தை ஒரு காற்றும் கிழக்குப் புறத்தை மற்றதும் நனைக்க, முகட்டை இரண்டுமே நனைக்கின்றன. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் மீமுரேயைச் சூழ்ந்த சரிவுகளில் நாட்கணக்காக மழை விடாது. மேலே முகட்டிற் பெய்யும் மழை கீழே ஓடைக்கரையில் நிற்பவர்க்குத் தெரியாது. கணுக்காலளவு நீரிற் கடந்து சென்ற ஓடையை, திரும்பி வரும்போது இடுப்பளவு வெள்ளம் அடைத்திருக்கும். இம்மலைக்குப் பெப்ரவரி பிற்பகுதியும் மார்ச்சும் நல்லவை. கிழக்குச் சரிவுக்கு யூன் தொடக்கம் ஓகஸ்ட் வரையுள்ள காலமும் ஏற்றது. டிசெம்பரில் அங்கு மாணவரைக் கொண்டு செல்லுதல் கூடாது என்பதே எமது கருத்து.

இதனை ஏன் இவ்வளவு கடுமையாகக் கூறுகின்றோமெனின், மலையில் மழை என்பது நனைதல் மாத்திரம் அன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் மண்சரிவிற் புதையுண்டன. 2016ஆம் ஆண்டு மே 17ஆந் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலைச்சரிவொன்று இடிந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமற்போயும் ஒழிந்தனர். முன்னையது கிழக்குப் புறத்தில் ஐப்பசியில். பின்னையது மேற்குப் புறத்தில் வைகாசியில். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயலோ இரு புறத்தையும் ஒருங்கே தாக்கிப் பல நூறு உயிர்களைக் கொண்டு சென்றது. அப்புயலின் பின்னர், பழைய பிரயாண நூல்களிற் கூறப்பட்ட பாதைகள் அவ்வாறே இருக்கும் என்று எண்ணிப் புறப்படுதல் தகாது. ஒவ்வொரு பாதையின் இன்றைய நிலையையும் அவ்வூரவரிடம் கேட்டறிதல் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கின்றது. 24 மணித்தியாலத்துள் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தாலே மஞ்சள் எச்சரிக்கைக்கு இடமுண்டு. மஞ்சள் நிறம் வந்ததும் மலைப் பிரயாணத்தைக் கைவிடுதல் வேண்டும். செம்மஞ்சளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூட மாணவர்க்குப் பருவத்தைத் தெரிந்தெடுக்கும் சுதந்திரம் குறைவு என்பதை நாம் மறந்துவிடவில்லை. வழமையான தவணை விடுமுறைகள் ஏப்பிரில், ஓகஸ்ட், டிசெம்பர் ஆகிய மூன்றே. விடுமுறையை மாற்ற முடியாது, மலையை மாற்றலாம். ஓகஸ்ட் விடுமுறையாயின் ஐயமின்றி ஊவா. ஏப்பிரிலாயின் இரண்டு சரிவுகளும் தகும். ஆனால் அது பருவக்காற்றுகள் மாறும் இடைக்காலம். காலை நேரம் கண்ணாடி போலிருக்கும். வெயிலாற் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று மேற்காவுகை மழையாகி, இரண்டு மணிக்குப் பின் இடியுடன் இறங்கும். மின்னல் மிகுதியாகும் காலங்களில் இதுவும் ஒன்று. ஒக்டோபர், நவம்பர் மற்றையது. ஆகவே விடியுமுன் புறப்பட்டு, நண்பகலுக்கு முன் முகட்டை விட்டு இறங்கிவிடல் வேண்டும். உயர்ந்த புல்வெளியில் தனித்து நிற்கும் மனிதனே அவ்விடத்தின் மிகவுயர்ந்த பொருள் என்பதை மின்னல் அறியும்.

டிசெம்பரே இடர்மிக்க விடுமுறை. வங்கக் கடலிற் புயல்கள் தோன்றும் காலம் முற்றாகக் கழிந்திராது, கிழக்கு நனைந்துகொண்டிருக்கும், மேற்கு இன்னும் காய்ந்திராது. பேருந்தை முன்கூட்டியே பேசி, பணமும் திரட்டி, பெற்றோரிடம் அனுமதியும் பெற்ற பின்னர், மழை என்ற ஒரு காரணத்துக்காகத் திரும்பிச் செல்ல எவர்க்கும் மனம் வராது. விபத்துகளுக்கு வழிசெய்வது பெரும்பாலும் இந்த மனம் வராமையே. ஆகவே டிசெம்பர்ச் சுற்றுலாவைக் கண்டி, நுவரெலியா ஆகிய பட்டணங்களோடும் பேராதனைப் பூங்காவோடும் நிறுத்திக்கொண்டு, மலையேற்றத்தைத் தை மாதத்தின் நீண்ட வாரவிறுதியொன்றுக்கு ஒத்திவைப்பதே தகும்.

பழைய மாணவர்க்குத் தவணைக் கட்டுப்பாடு இல்லை. ஹந்தானையிலிருந்து ஊவாவைச் சுற்றி நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாக அண்மையில் வகுக்கப்பட்ட பெக்கோ நடைபாதையில் நடக்க விரும்பும் அன்பர்கள், அதனை ஒரே முறையில் முடிக்க முயலாது இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்: மேற்குக் கட்டங்கள் மாசியில், கிழக்குக் கட்டங்கள் ஆடியில். சிவனொளிபாதத்துக்குச் செல்வோர் தைப் பூரணையையோ மாசிப் பூரணையையோ நாடுவர். நிலவு துணையாகும், ஆயின் படிகளிற் கூட்டம் நெருங்கும். பூரணைக்கு மூன்று நான்கு நாள் பிந்திய வாரநாளொன்றைத் தெரிந்துகொண்டால், பின்னிரவு முழுவதும் நிலவும் இருக்கும். படியில் உட்கார்ந்து இளைப்பாற இடமும் இருக்கும். மகா சிவராத்திரியன்று ஏற விரும்பும் சைவ அன்பர்கள் அஃது அமாவாசையை அடுத்த இருள்நாள் என்பதை நினைந்து கைவிளக்கு எடுத்துச் செல்க. நல்லதண்ணியிலிருந்து அதிகாலை இரண்டு மணியளவிற் புறப்பட்டால், நிதானமாக ஏறுவோரும் சூரியோதயத்துக்குச் சற்று முன்னரே உச்சியை அடைவர். அதற்கு முன் சென்று, வியர்த்த உடையுடன் உச்சிக் காற்றில் இரண்டு மணித்தியாலம் நடுங்கிக் காத்திருத்தல் வேண்டாம். மாற்றுச் சட்டை ஒன்றை எண்ணெய்த்தாளிற் சுற்றி எடுத்துச் செல்க. இரண்டு எலுமிச்சம்பழமும் உடன் இருக்கட்டும்.